சொல்லாமல் விட்ட காரணம்: ஷின்சோ அபேயின் குடல் நோய், ஒரு நிகழ்வு ஆய்வு

2007 செப்டம்பர் 12, பிற்பகல் 2 மணி. ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே டோக்கியோவில் செய்தியாளர்கள் முன் வந்து நின்று, பதவி விலகுகிறேன் என்றார். நாடே திகைத்தது. இரண்டு நாள் முன்புதான் நாடாளுமன்றத்தில் கொள்கை உரை வாசித்திருந்தார். அந்த உரை மீது கட்சிகள் கேட்கும் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்ல வேண்டிய நேரம் அது. அவர் அடுக்கிய காரணங்கள் எல்லாம் அரசியல். இந்தியப் பெருங்கடலில் ஜப்பானியக் கப்பல்கள் மற்ற நாட்டுக் கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பிவந்த பணியைத் தொடர எதிர்க்கட்சித் தலைவரைச் சந்திக்கக் கேட்டேன், கிடைக்கவில்லை. வேறொருவர் வந்தால் வழி பிறக்கலாம் என்றார். தன் உடம்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார்.

அவருடைய அரசியல் சரியா தவறா என்று எழுத நான் வரவில்லை. எனக்கும் அதே நோய். பதினோரு வருடமாகப் பெருங்குடல் புண் அழற்சியோடு இருக்கிறேன். இந்த நோயில் உடம்பு படுகிற பாடு ஒன்று, அதை மறைக்க நாம் படுகிற பாடு இன்னொன்று. முதலாவதை மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். இரண்டாவதைப் பற்றித் தேதியோடும் இடத்தோடும் பதிவில் இருக்கிற ஒரு வாழ்க்கை வேண்டுமென்றால், எனக்குத் தெரிந்து அபேயினுடையதுதான்.

நோய் என்ன

குடல் அழற்சி நோய் என்ற பொதுப்பெயருக்குள் முக்கியமாக இரண்டு நோய்கள் உண்டு. ஒன்று கிரோன் நோய். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும், குடல் சுவரின் முழுத் தடிமனையும் தாக்கும். இன்னொன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடல் புண் அழற்சி. மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவி, பெருங்குடலின் உட்பரப்பைப் புண்ணாக்கும். அபேக்கு இருந்தது இரண்டாவது. உடம்பின் எதிர்ப்பு சக்தி சொந்தக் குடலையே தாக்குவதால் வருகிற நோய் இது. தொற்றாது. காரமாகச் சாப்பிட்டதால் வருவதும் இல்லை. மருந்தில் அடங்கும், மறுபடி எழும். அடங்கியிருக்கும் மாதங்களில் பார்ப்பவருக்கு நம்மை நோயாளி என்றே தெரியாது.

இதோடு குழப்பிக்கொள்ளப்படுகிற இன்னொன்று, குடலின் இயக்கம் மட்டும் தாறுமாறாகும் கோளாறுகள். அவற்றிலும் வலி உண்டு, பேதி உண்டு, அவதியும் உண்டு. ஆனால் குடலில் புண் இருக்காது, ரத்தம் போகாது, பொதுவாகத் தூக்கத்திலிருந்து எழுப்பி ஓடவைக்காது. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2007ல் இது பெரிதாக வரும்.

ஒன்பதாம் வகுப்பு வயதிலிருந்து

அபேக்கு முதல் அறிகுறி வந்தது நடுநிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டில். நம் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு வயது. வயிற்றுவலி, பேதி, பிறகு ரத்தம். கழிப்பறைத் தொட்டி சிவந்துபோனதைப் பார்த்துத் திடுக்கிட்டதாக, 2012ல் தன் மருத்துவரோடு நடத்திய உரையாடல் ஒன்றில் சொன்னார். உயர்நிலைப் பள்ளியிலும் வருடத்துக்கு ஒருமுறை போல வந்து போனது. நோயின் பெயர் தெரிந்தது கோபே ஸ்டீல் நிறுவனத்தில் வேலைக்குப் போன பிறகு. அவர் அங்கே சேர்ந்தது 1979ல். அதாவது, முதல் ரத்தத்துக்கும் நோயின் பெயருக்கும் நடுவே ஏறக்குறைய பத்து வருடம். பேர்பெற்ற அரசியல் குடும்பத்துப் பிள்ளை அவர். தாய்வழித் தாத்தா நொபுசுகே கிஷி, முன்னாள் பிரதமர். வசதிக்கு ஒரு குறையும் இல்லை.

அந்தப் பத்து வருடம் எனக்குப் புரிகிறது. எனக்கு ரத்தம் போக ஆரம்பித்தபோது, வீட்டில் அது ‘சூடு’. வெந்தயம், மோர், இளநீர். கொஞ்சம் கூடியதும் அது ‘மூலம்’. ஒரு மருத்துவர் எட்டு மாதம் மூலத்துக்கே மாத்திரை கொடுத்தார். நானும் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை. ராத்திரி மூன்று முறை எழுந்து ஓடுகிறேன் என்பதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் அன்றே பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு எழுதியிருக்கக்கூடும். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடல் காசநோயும் கிரோன் நோயும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அதனால் பலர் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை சாப்பிட்டுவிட்டுத்தான் சரியான பெயருக்கு வந்து சேர்கிறார்கள்.

1991ல் அபேயின் தந்தை ஷின்டாரோ அபே கணையப் புற்றுநோயில் இறந்தார். அவரும் முன்னாள் வெளியுறவு அமைச்சர், பிரதமர் பதவிக்கு மிக அருகில் வந்தவர். அவருடைய நோயும் கடைசிவரை வெளியே மறைக்கப்பட்டது. வீட்டிலேயே பார்த்துப் பழகிய பாடம் அது: அரசியல்வாதிக்கு நோய் இருப்பது தெரிந்தால் அவர் கதை முடிந்தது. தந்தையின் தொகுதியில் 1993ல் மகன் முதல்முறை போட்டியிட்டார். பிரசார வண்டியில் ஏறி நின்று கையசைக்க வேண்டும், ஊர் ஊராகப் போக வேண்டும். நடுவில் உந்துதல் வரும். வண்டியை நிறுத்தி இறங்க முடியாது. உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்ட அடக்கிக்கொண்டு நின்றேன், உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது என்று பின்னாளில் சொன்னார்.

இந்த ‘அடக்குதல்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நோய் இல்லாதவர்களுக்கு அது விளங்காது. நல்ல உடம்பில் மலக்குடல் ஒரு பை மாதிரி. விரிந்து கொடுக்கும், பொறுத்துக்கொள்ளும், அப்புறம் போகலாம் என்று காத்திருக்கும். புண்ணான மலக்குடல் விரியாது. துளி வந்தாலும் உடனே, இப்போதே என்று உதைக்கும். வாயுவா மலமா என்றும் உள்ளிருந்து சரியாகச் சொல்ல முடியாமல் போய்விடும். ஓடிப்போய் உட்கார்ந்தால் சில நேரம் ஒன்றும் வராது, கொஞ்சம் சளி, கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். எழுந்து வந்தால் மறுபடியும் உந்தும். ‘கொஞ்சம் பொறுத்துக்கோயேன்’ என்று வீட்டில் சொல்வார்கள். சொல்கிறவர்கள்மேல் தப்பில்லை. அவர்களுடைய குடலுக்குப் பொறுக்கத் தெரியும்.

1998

அவருடைய மிக மோசமான காலம் 1998. அப்போது அவர் கட்சியின் நாடாளுமன்ற விவகாரக் குழுவில் துணைத் தலைவர். நரம்பு வழியாக ஏற்றும் சொட்டு மருந்திலேயே நாட்கள் ஓடின. எடை 65 கிலோவிலிருந்து 53 கிலோவுக்கு இறங்கியது. மோசமான நாட்களில் அரை மணிக்கு ஒருமுறை உந்துதல் வந்தது, இரவில் படுத்தால் தூங்க முடியாது என்று பிறகு எழுதினார். அரசியலே வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று மனைவி அழுதார். கடைசியில் கெயோ பல்கலைக்கழக மருத்துவமனையில் மூன்று மாதம் படுக்கையில் இருந்தார். பெருங்குடலையே முழுவதும் எடுத்துவிடுவதுபற்றிக்கூட மருத்துவர்கள் யோசித்தார்கள். மெசலமின் என்ற மருந்தை ஆசனவாய் வழியாகச் செலுத்தும் சிகிச்சை பலன் கொடுத்ததால் அறுவைக்குப் போகவில்லை.

அந்த ஒரு வரி, ‘ஆசனவாய் வழியாகச் செலுத்தும் சிகிச்சை’, படிக்கும்போது சின்னதாகத் தெரியும். அது எப்படி நடக்கும் என்றால், இரவு எல்லாரும் படுத்த பிறகு இடப்பக்கமாகச் சரிந்து படுத்துக்கொண்டு, ஒரு சிறு பிளாஸ்டிக் புட்டியின் மருந்தை உள்ளே விட வேண்டும். விட்ட மருந்து விடியும்வரை உள்ளே நிற்க வேண்டும். துளியைக்கூடத் தாங்காத குடலிடம் அரை டம்ளர் திரவத்தை இரவு முழுக்க வைத்துக்கொள் என்று கெஞ்சுவது அது. நிற்காவிட்டால் துணி மாற்ற வேண்டும், விரிப்பு மாற்ற வேண்டும், யாரும் எழுந்துவிடாமல் துவைக்க வேண்டும். காலையில் வழக்கம்போல் வேலைக்குப் போக வேண்டும். கூட்டுக் குடும்பத்தில், ஒரே ஒரு கழிப்பறை உள்ள வீட்டில் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாணமாகி ஒரு மாதமே ஆன பெண்கள் இருக்கிறார்கள்.

இப்படித்தான் எங்கள் நாள் ஓடும். காலையில் எழுந்ததும் முதல் யோசனை சாப்பாட்டைப் பற்றி இருக்காது, எங்கே போக வேண்டியிருக்கிறது, வழியில் என்ன இருக்கிறது என்பதுதான். பஸ்ஸைவிட ரயில் மேல், ஏனென்றால் ரயிலில் கழிப்பறை உண்டு. பஸ்தான் என்றால் முந்தின இரவே சாப்பாட்டை நிறுத்திவிடுவோம். ஊரில் எந்தப் பெட்ரோல் பங்கில் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, எந்த மண்டபத்தில் கழிப்பறை மேடைக்குப் பின்னால் இருக்கிறது என்பதெல்லாம் மனதில் பதிந்திருக்கும். பையில் ஒரு மாற்றுத் துணி, ஒரு பாட்டில் தண்ணீர். கல்யாண வீட்டில் ‘ஒரு வாய் சாப்பிட்டுப் போ’ என்பவர்களிடம் விரதம் என்று சொல்லியிருக்கிறேன். எந்தச் சாமிக்கு என்று கேட்டுவிட்டார்கள் ஒருமுறை.

ரத்தம் போய்க்கொண்டே இருப்பதால் சோகை வரும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அதைச் சோம்பல் என்பார்கள். அழற்சியை அடக்க ஸ்டீராய்டு கொடுப்பார்கள். முகம் உருண்டையாகும், தூக்கம் போகும், காரணமில்லாமல் கோபம் வரும். அந்தச் சமயம் பார்த்து ஊரிலிருந்து வருகிற சொந்தம், ‘இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்க’ என்பார்கள். உடம்பு மிகவும் கெட்டுப்போயிருந்த மாதங்களில்தான் என்னை நன்றாக இருப்பதாக அதிகம் பேர் சொன்னார்கள்.

2007: இந்தியப் பயணமும் அதற்குப் பின்னும்

2006 செப்டம்பரில் அபே பிரதமரானார். வயது 52, போருக்குப் பிந்தைய ஜப்பானில் அதுவரை வந்தவர்களில் மிக இளையவர். அடுத்த வருடம் ஜூலையில் மேலவைத் தேர்தலில் அவருடைய கட்சி தோற்றது. அமைச்சர்கள் சிலர் விவகாரங்களில் சிக்கினார்கள். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: நோய் இல்லாவிட்டாலும் அந்த ஆட்சி தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது.

ஆகஸ்ட்டில் இந்தோனேசியா, இந்தியா, மலேசியா என்று பயணம். ஆகஸ்ட் 22 அன்று டெல்லியில் நம் நாடாளுமன்றத்தில் ‘இரு கடல்களின் சங்கமம்’ என்ற உரையை நிகழ்த்தினார். இந்திய வெளியுறவு பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் எடுத்துச் சொல்கிற உரை. படங்களில் புன்னகையோடு இருக்கிறார். அந்தப் பயணத்தில் குடலில் தொற்று ஏற்பட்டது, பேதி நிற்கவில்லை என்பது பின்னால்தான் வெளியே வந்தது. ஏற்கெனவே புண்பட்ட வரலாறு உள்ள குடலுக்குத் தொற்று என்பது காய்ந்த ஓலைக்குத் தீப்பொறி மாதிரி. ஊர் திரும்பிக் கஞ்சியும் சொட்டு மருந்துமாக இருந்துகொண்டே செப்டம்பர் தொடக்கத்தில் சிட்னியில் நடந்த ஏபெக் (ஆசிய-பசிபிக் நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு) மாநாட்டுக்கும் போனார். செப்டம்பர் 10 அன்று கொள்கை உரையில் சில வரிகளைத் தவறவிட்டு வாசித்தார். செப்டம்பர் 12 நடந்தது முதலிலேயே சொன்னது.

மருத்துவமனை அறிவித்த பெயர், செயல்பாட்டு இரைப்பை குடல் கோளாறு. அதாவது, முன்பு சொன்ன, புண் இல்லாத இயக்கக் கோளாறுகளில் ஒன்று. செப்டம்பர் 24 அன்று அங்கேயே செய்தியாளர்களைச் சந்தித்த அபே, விலகலுக்கு உடல்நிலைதான் பெரிய காரணம், அதை அன்று சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். அப்போதும் பெருங்குடல் புண் அழற்சி என்று பெயர் சொல்லவில்லை. 2008 தொடக்கத்தில் ஒரு மாத இதழில் தானே எழுதியபோதுதான் பல பத்தாண்டு நோயின் முழு வரலாறு வந்தது.

அதற்குள் ஊர் தன் கதையை எழுதி முடித்திருந்தது. வயிற்றுவலி வந்து வேலையைப் போட்டுவிட்டு ஓடியவர். பொறுப்பில்லாத பணக்கார வீட்டுப் பிள்ளை. குழந்தைகள் ‘வவுத்த வலிக்குது’ என்று சிணுங்குவதுபோல ஜப்பானிய மொழியில் ஒரு சொற்றொடர் உண்டு. அதை வைத்து வருடக்கணக்கில் கேலி செய்தார்கள்.

இந்த இடத்தில் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்ன நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு பெரிய விளைவு கண்முன்னே நடந்துவிட்டது, அதற்குரிய காரணம் சொல்லப்படவில்லை. காலி இடத்தை மக்கள் காலியாக விடமாட்டார்கள், தங்களுக்குத் தெரிந்த காரணத்தைப் போட்டு நிரப்புவார்கள். அவர்களுக்குத் தெரிந்தது கோழைத்தனம். பின்னால் வந்த பெயரும் சாதாரண வயிற்றுக் கோளாறுபோல ஒலித்ததால் அது கேலிக்கே உதவியது. எங்கள் எல்லாருக்கும் இதுவே சின்ன அளவில் நடக்கிறது. கூட்டத்திலிருந்து பாதியில் எழுந்து போகிறவள் மரியாதை தெரியாதவள். அடிக்கடி லீவு போடுகிறவன் ஏமாற்றுக்காரன். விருந்துக்கு வந்தும் சாப்பிடாத மருமகள் திமிர் பிடித்தவள். ரத்தமும் மலமும் வாயில் சொல்லக்கூடிய சொற்களாக இல்லாததால், குணம்பற்றிய சொற்கள் அந்த இடத்துக்கு வந்துவிடுகின்றன.

மருந்து, பிறகு 2020

2009ல் ஜப்பானில் அசகால் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. உள்ளே இருப்பது அதே மெசலமின்தான். மேலே பூசியிருக்கும் பூச்சு வயிற்றின் அமிலத்தில் கரையாமல், சிறுகுடலின் கடைசியை நெருங்கும்போதுதான் கரையும். மருந்து நேராகப் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். இந்த மருந்தால்தான் தன்னால் மீண்டும் முழுநேர அரசியலுக்கு வர முடிந்தது என்று அபே வெளிப்படையாகச் சொன்னார். 2012 டிசம்பர் 26 அன்று மறுபடி பிரதமர். இந்த முறை நோயின் பெயரை ஊரறியச் சொல்லிவிட்டு வந்தார்.

ஏழரை வருடத்துக்கும் மேல் நோய் அடங்கியிருந்தது. 2020 ஜூனில் நடந்த பரிசோதனையில் திரும்புவதற்கான அறிகுறி தெரிந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் அது உறுதியானது. ஆகஸ்ட் 17 அன்று ஏழு மணி நேரத்துக்கும் மேல் மருத்துவமனையில் இருந்தார். ஆகஸ்ட் 24 அன்று மறுபடி போனார். அன்றுதான் இடைவிடாமல் 2,799 நாள் பதவியில் இருந்து, முன்னாள் பிரதமர் எய்சாகு சாதோவின் சாதனையைத் தாண்டிய நாள். ஆகஸ்ட் 28 மாலை செய்தியாளர்களிடம் நோயின் பெயர், திரும்பி வந்தது எப்போது, புதிய மருந்து சேர்த்திருக்கிறார்கள், அது வேலை செய்கிறது, ஆனால் தொடர்ந்து எடுக்க வேண்டும், எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். நோயோடும் சிகிச்சையோடும் போராடும்போது முக்கியமான முடிவுகளில் தவறிவிடக் கூடாது, அதனால் விலகுகிறேன் என்றார்.

இந்த முறை வரவேற்பு வேறு. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், முக்கியமான நேரத்தில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர் என்ற பொருளில் எழுதினார். உடனே எதிர்ப்புக் கிளம்பியது, மறுநாளே அவர் மன்னிப்புக் கேட்டார். பதின்மூன்று வருடம் முன்பு தடையில்லாமல் ஓடிய அதே கேலி, இப்போது ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அவர் புகழ் கூடியிருந்தது என்பது ஒரு காரணம். ஆனால் பெயர் தெரிந்த நோயைக் கேலி செய்வது கஷ்டம் என்பது இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஜப்பானில் அந்தப் பெயருக்கு அரசாங்கத் தாளில் இடமும் உண்டு. தீர்க்க முடியாத அரிய நோய்கள் என்று அரசு பட்டியலிட்டுச் சிகிச்சைச் செலவில் பங்கெடுக்கும் நோய்களில் இதுவும் ஒன்று. அங்கே 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் இருக்கிறது. இந்தியாவில் 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. குடல் அழற்சி நோய் அதில் இல்லை. தேர்வு எழுதும் பிள்ளை பாதியில் இரண்டு முறை வெளியே போய்வரக் கேட்டால், அது கண்காணிப்பாளரின் மனசைப் பொறுத்தது. கூடுதல் நேரத்தையும் கதவோரத்து இருக்கையையும் ஒரு மருத்துவச் சான்றை வைத்துத் தரலாம். இதற்குச் செலவே இல்லை. ஏன் இதைக்கூடச் செய்யவில்லை என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

எல்லாரும் எல்லாரிடமும் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேலை போகும் இடம் உண்டு, நிச்சயதார்த்தம் நிற்கும் வீடு உண்டு. அபேக்கு இருந்த பாதுகாப்பு எதுவும் நமக்கு இல்லை. அவருக்கே அதைச் சொல்ல முதல் ரத்தத்திலிருந்து ஏறக்குறைய நாற்பது வருடம் ஆனது. இருக்கிற இடத்தில் ஒரே ஒரு ஆளிடமாவது சரியான பெயரைச் சொல்லி வைப்பது என்பதுதான் இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

2020ல் அந்தச் செய்தியைப் பார்த்தபோது எனக்கு நோய் வந்து ஆறாவது வருடம். அதுவரை அலுவலகத்தில் எனக்கு ஒற்றைத் தலைவலி. அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். மேலாளர் அக்கறையாகக் கண் மருத்துவர் முகவரி ஒன்று கொடுத்திருந்தார், என் மேசை விளக்கையும் மாற்றச் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் அவரிடம் போய், சார், எனக்குத் தலைவலி இல்லை, பெருங்குடலில் புண், ரத்தம் போகும், ஒரு நாளைக்குப் பத்து முறை போக வேண்டியிருக்கும் என்று சொன்னேன். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் நோயின் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொல்லி, டைரியில் எழுதிக்கொண்டார். மறுநாள் காலை என் மேசை பின்பக்க வராந்தாக் கதவுக்கு அருகில் இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அங்கிருந்து எட்டு அடி.